பின்லாந்து சௌனாவில், அதாவது சூட்டில் உட்கார்ந்து வியர்க்கும் குளியலறையில், ‘லோய்லு’ என்கிறார்களே, அது வெறும் நீராவியா?

நீராவிதான், ஆனால் அந்தச் சொல்லுக்குள் இன்னும் நிறைய இருக்கிறது. சௌனா அடுப்பின் பெயர் ‘கியுவாஸ்’. அதன்மேல் குவித்த கற்கள் நன்றாகச் சூடேறியதும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவார்கள்; சட்டென்று எழுந்து உடம்பைச் சூழ்கிற ஆவிதான் லோய்லு. முற்காலத்தில் அதற்கு உயிர், மூச்சு என்றும் பொருள். நம் ‘ஆவி’யும் அப்படித்தானே! எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது.

அறை பெரும்பாலும் 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கும். காற்று உலர்ந்திருப்பதால்தான் தாங்க முடிகிறது.

அப்புறம் ‘விஹ்தா’: உடம்பில் தட்டிக்கொள்ள இலையோடு கட்டிய பிர்ச் மரக் கிளைக்கொத்து. கிழக்குப் பக்கம் அதையே ‘வஸ்தா’ என்பார்கள். புகைபோக்கி இல்லாத பழைய வகை ‘சவுசௌனா’. நெருப்பு அணைந்து, புகை வெளியேறிய பிறகே உள்ளே போவார்கள்.