சோப்புத் தண்ணீர் அடித்தும் ரோஜாவில் அசுவினி திரும்பி வருகிறதா?

கேள்வி: எங்கள் ரோஜாச் செடியில் துளிர், மொட்டு, காம்பு என்று எங்கு பார்த்தாலும் பச்சைப் பூச்சிகள் அப்பிக்கிடக்கின்றன. பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து அடித்தேன். மறுநாள் சுத்தமாக இருந்தது. நாலாம் நாள் பழையபடி மொய்த்துவிட்டது. இலை ஓரமும் கருகிவிட்டது. கடை மருந்து வேண்டாம்; வீட்டிலேயே ஏதாவது வழி உண்டா?

பதில்: உண்டு. நீங்கள் எடுத்த வழியும் பாதி சரிதான். சோப்பு மாறவேண்டும், நாள்கணக்கு மாறவேண்டும்.

முதலில் ஒரு மொட்டுக் காம்பை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். உருண்டையான உடல், இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், முதுகின் பின்பக்கம் குழாய் போல இரண்டு கருப்பு நீட்டல்கள். இவை இருந்தால் அது அசுவினிதான். செடிப்பேன் என்றும் சொல்வார்கள். பக்கத்திலேயே வெள்ளையாகச் செதில் செதிலாக ஒட்டியிருப்பவை அவை உரித்துப் போட்ட சட்டைகள். அதைப் பார்த்து மாவுப்பூச்சி என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

இன்னும் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால், பெரிய பூச்சியின் பின்பக்கத்திலிருந்து ஒரு குட்டி, கால்களை உதறிக்கொண்டு வெளியே வருவது தெரியும். உங்கள் சிக்கலின் வேர் இதுதான். அசுவினிப் பெண்ணுக்கு ஆண் துணை தேவையில்லை. முட்டை வைத்துக் காத்திருப்பதும் இல்லை, நேரடியாகக் குட்டி போடும். இதமான வெயில் காலத்தில் அந்தக் குட்டி ஒரு வாரம், பத்து நாளில் தானே தாயாகிவிடும். நீங்கள் அடித்த அன்று இலையின் அடியில் தப்பிய நாலைந்து போதும், கூட்டம் மறுபடி நிறைய.

சோப்புக் கரைசல் பூச்சியின் மேல் நேரடியாகப் பட்டால் மட்டுமே கொல்லும். அதன் மேல்தோலின் மெழுகைக் கரைத்து உடலை உலர்த்திவிடும். காய்ந்த பிறகு அதற்கு எந்த வேலையும் இல்லை. ஆகவே ஒரு தடவை பலமாக அடிப்பதைவிட, நாலைந்து நாள் இடைவெளியில் மூன்று தடவை அளவாக அடிப்பதே பலன் தரும். தப்பிய குட்டி தாயாவதற்குள் அடுத்த சுற்று அதன் மேல் விழவேண்டும், அதுதான் கணக்கு.

இலை ஏன் கருகியது? பாத்திரம் கழுவும் திரவம் பெரும்பாலும் டிடர்ஜென்ட். எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்கென்றே செய்தது. இலையின் மெழுகுப் பூச்சையும் அது சேர்த்தே எடுத்துவிடும். அதற்குப் பதில் எண்ணெயில் செய்த, வாசனையும் நிறமும் சேர்க்காத சாதாரணக் கட்டி சோப்பை 5 கிராம் சீவி, கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, ஆறியதும் 1 லிட்டராக்கிக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் வேண்டாம்; சோப்பு திரிந்து வெள்ளைக் கசடாகிவிடும். மழைநீர் இருந்தால் நல்லது. முதல் நாள் இரண்டு மூன்று இலையில் மட்டும் அடித்து, மறுநாள் வாட்டம் இல்லை என்றால் முழுச் செடிக்கும் அடியுங்கள். வெயில் ஏறும் முன், அதிகாலையில். இலையின் அடிப்பக்கம்தான் முக்கியம், மேலே நனைப்பது வெறும் திருப்திக்கு.

அதற்கும் முன்னால் வெறும் தண்ணீரை முயலலாம். என்னைக் கேட்டால் முதல் மருந்தே அதுதான். துளிரை ஒரு கையால் பின்னால் தாங்கிக்கொண்டு, மறு கையால் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். விழுந்தவற்றில் பெரும்பாலானவை திரும்ப ஏறி வருவதில்லை. இதையும் காலையில்தான் செய்யவேண்டும். இலை மணிக்கணக்கில் ஈரமாக இருந்தால் கரும்புள்ளி நோய்க்கு நாமே கதவு திறந்ததாகிவிடும்.

வேப்பெண்ணெய் நல்லதுதான், ஆனால் மெதுவாக வேலை செய்யும். பூச்சியின் உணவு நாட்டத்தைக் குறைக்கும், சட்டை உரிப்பதைக் கெடுக்கும். அடித்த மறுநாளே செத்து விழவில்லையே என்று அளவைக் கூட்டாதீர்கள். 1 லிட்டருக்கு 5 மில்லி போதும். எண்ணெயில் முதலில் கெட்டியாகக் கரைத்த சோப்பைக் கொஞ்சம் குழைத்து, அப்புறம் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் குலுக்குங்கள். மேலே எண்ணெய் மிதந்தால் சோப்பு போதவில்லை என்று அர்த்தம். அப்படியே அடித்தால் இலை வெந்துவிடும். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். விரிந்த பூவில் படாமல், தேனீ நடமாட்டம் இல்லாத வேளையில் அடியுங்கள்.

பூண்டு, மிளகாய்க் கரைசல் பற்றியும் கேட்பார்கள். பூச்சியை விரட்டுகிறதோ இல்லையோ, அடிப்பவர் கண்ணை எரிய வைக்கும். புகையிலைக் கஷாயம் மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள நிகோட்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும் விஷம்.

எறும்பு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். அசுவினி சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவை வெளியேற்றும். அதற்காக எறும்பு உணர்கொம்பால் அதைத் தட்டித் தட்டிக் கறக்கும், பதிலுக்கு எதிரிகளை அண்டவிடாது. இலையில் பிசுபிசுப்பும் அதன்மேல் கரி போன்ற பூஞ்சையும் வருவது இந்தக் கழிவால்தான். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். தொட்டிச் செடி என்றால், தண்ணீர் ஊற்றிய தட்டில் செங்கல் வைத்து, தட்டின் ஓரத்தில் இடிக்காதபடி தொட்டியை அதன்மேல் வையுங்கள். கிளை சுவரைத் தொடக்கூடாது. தரையில் உள்ள செடி என்றால் தண்டில் காகித டேப் சுற்றி, டேப்பின் மேல் வாஸலின் தடவுங்கள்.

உரத்தையும் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். தழைச்சத்து மிகுந்தால் துளிர் குபுகுபுவென்று மெத்தென வரும். அசுவினிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

கடைசியாக, அடிக்கும் முன் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கருத்த உடலில் ஆரஞ்சுப் புள்ளியோடு, முள்முள்ளாக ஒரு புழு ஊர்ந்தால் நசுக்காதீர்கள். அது பொறிவண்டின் குஞ்சு, அசுவினியைத் தின்றே வளர்வது. விவரம் தெரியாத நாளில் நானே எத்தனையோ நசுக்கியிருக்கிறேன். அதேபோல், சில அசுவினிகள் உப்பிப்போய், வெளிறிய பழுப்பு நிறத்தில், அசையாமல் ஒட்டியிருக்கும். அவற்றுக்குள் ஒரு சிறு குளவியின் குஞ்சு இருக்கிறது. அப்படிப்பட்ட துளிரை வெட்டவும் வேண்டாம், சோப்பு அடிக்கவும் வேண்டாம். சில நாளில் ஒவ்வொன்றின் முதுகிலும் வட்டமாக ஓர் ஓட்டை தெரியும். குளவி வெளியேறி அடுத்த அசுவினியைத் தேடிப் போயிருக்கும்.