கேள்வி – பதில்: அகப்பை ஏந்திய தளபதி

கே: பள்ளி ஆண்டு விழாவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் படைவீரர்களாகப் பாடிக்கொண்டே மேடைக்கு வர வேண்டும். பாட்டை நானே எழுதுகிறேன். விளையாட்டாகவும் இருக்கணும், காலும் தப்பக் கூடாது. என்ன கவனிக்க வேண்டும்?
– ஆசிரியை, திண்டுக்கல்

ப: முதலில் கால் கணக்கு. வரிக்கு 8 காலடி; ஏழில் சொல், எட்டாவது மூச்சுக்கு. அந்த இடைவெளி இல்லையென்றால் மூன்றாவது வரியிலேயே குரல் இறங்கிவிடும்.

அகப்பை ஏந்தும் தளபதி நான்
அண்டா எனது பீரங்கி தான்

ஒவ்வொரு சீருக்கும் இரண்டு காலடி; 'நான்', 'தான்' ஏழாவதில் விழும். கும்மி மெட்டு வேண்டாம். மும்மூன்றாக வரும் தட்டுக்குத் தட்டு கால் வைத்தால் அழுத்தம் ஒருமுறை இடது காலில், மறுமுறை வலது காலில் விழும், வரிசை கலைந்துவிடும். வேகம் நிமிடத்துக்கு 100 காலடி போதும். 120 வைத்தால் சொல் கடிபடும்.

அடுத்தது ஆயுதம். ஏவுகணை, ராடார் என்று போனால் பிள்ளை வாயில் டி.வி. செய்தி வரும். ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1885-இல் வெளியிட்ட குழந்தைப் பாடல் தொகுப்பில் ஓர் அணிவகுப்புப் பாட்டு உண்டு. சீப்புதான் வாத்தியம், குச்சியில் கட்டிய கைத்துண்டுதான் கொடி, படைக்குத் தலைவி ஜேன் என்ற சிறுமி. புகழும் கொள்ளையும் போதும் போதும் என்றாகி, ஊரைச் சுற்றியதும் படை வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது. எதிரி யாரென்றே பாட்டில் இல்லை! நீங்களும் எந்த நாட்டின் பெயரையும் சொல்லாதீர்கள். எதிரி வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுப் பூனை போதும்.

கே: சீப்பில் எப்படி வாசிப்பது?
– வாசகர், நாகர்கோவில்

ப: நெருக்கமான பல் உள்ள சீப்பின்மேல் மெல்லிய பட்டர் பேப்பரை ஒரே மடிப்பாகப் போடுங்கள். உதட்டை லேசாக வைத்து 'டூ டூ' என்று குரல் கொடுத்துப் பாட வேண்டும். வெறும் காற்றை ஊதினால் சத்தம் வராது; தாளை அதிர வைப்பது குரல்தான். உதட்டை அழுத்தினாலும், நோட்டுத்தாள் போலத் தடிமனாக இருந்தாலும் அதிராது. எச்சிலில் நனைந்தால் தாளை மாற்றிவிடுங்கள்.

கே: முழு பேண்டு வாத்தியம் வைக்கலாமா?
– வாசகி, சேலம்

ப: பிள்ளைகளின் குரல் அமுங்கிவிடும். பிரெஞ்சு இசையமைப்பாளர் பிஸேயின் 'கார்மென்' ஆபெராவில் (பாடியே நடிக்கும் இசை நாடகம், 1875) செவில் நகரத் தெருச் சிறுவர்கள் காவல் மாற வரும் சிப்பாய்களோடு 'தோள் பின்னே, நெஞ்சு முன்னே' என்று நடை போடும் இடம் உண்டு. அங்கே முன்னால் கேட்பது ட்ரம்பெட்டும் கீச்சென்ற பிக்கலோ குழல்களும். உங்களுக்கு ஒரு புல்லாங்குழலும் ஒரு சின்ன டிரம்மும் போதும்.