இரைச்சல் கேட்ட வகுப்புக்கு எத்தனை மதிப்பெண்?

கேள்வி: அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் இந்த ஆண்டுதான் தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்றேன். ஆசிரியர்களின் வகுப்புகளைப் பார்த்து மதிப்பெண் போட்டுத் தரும்படி தாளாளர் கேட்டிருக்கிறார். ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவில் தமிழ் டீச்சரின் பாடவேளையில் கால் மணி நேரம் உட்கார்ந்தேன். ஒரே இரைச்சல். 20க்கு 9 போட்டேன். ‘ஏ’ பிரிவில் கணக்கு ஆசிரியரின் வகுப்பு அமைதியாக இருந்தது, 17 போட்டேன். என்னைவிட மூத்தவரான அந்த டீச்சர் இப்போது என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. படிவங்கள் இன்னும் என் மேசையில்தான் இருக்கின்றன. நான் செய்தது தவறா?
– ஒரு தலைமையாசிரியை, விளவங்கோடு வட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

வகுப்புக்குள் போய் உட்கார்ந்தீர்களே, அது நல்ல காரியம். வராந்தாவில் நடந்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்துத் தீர்ப்பெழுதுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் கால் மணி நேரத்தில் எழுந்து வந்துவிட்டீர்கள். கண்டதை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதினீர்கள். பிழை அங்கேதான்.

இதே பிழையை நானும் செய்தவன். குலசேகரம் பக்கம் தலைமையாசிரியராக இருந்த முதல் ஆண்டில், ஒரு வகுப்பில் முதல் பாடவேளையில் போய் உட்கார்ந்தேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் மேசையில் தலை வைத்துத் தூங்கினான். ஆசிரியர் இரண்டு முறை அவன் பக்கமாக நடந்தும் எழுப்பவில்லை. ‘மாணவர் கவனம் குறைவு, ஆசிரியர் கண்டுகொள்ளவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் வாதாடவில்லை. “சார், அவன் விடியுமுன்னே அப்பாவோடு ரப்பர் தோட்டத்துக்குப் போகிறவன். கொஞ்சம் கண்ணயர்ந்தால் அடுத்த பாடவேளையில் நன்றாகக் கவனிப்பான். நான்தான் விட்டுவைத்தேன்” என்றார் மெல்ல. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் எனக்கும் அது தெரிந்திருக்கும். அந்தக் கையெழுத்தை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.

ஆகையால் முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் நேரமும், கண்ணால் கண்டதும், காதால் கேட்டதும் மட்டும். இப்படி:

‘10.10. நான்கு குழுக்கள். ஜன்னலோரக் குழுவில் இரண்டு பெண்கள், “ஊரே திரண்டது என்பது ஆகுபெயர்தானா?” என்று வாதாடுகிறார்கள். 10.14. கதவோரக் குழுவில் மூன்று பையன்கள் வேறு பேச்சு. 10.19. டீச்சர் அங்கே போய் ஒரு கேள்வி கேட்கிறார். ஒருவன் பதில் சொல்கிறான்.’

வலப்பக்கத்தை வகுப்பு முடியும்வரை காலியாக விடுங்கள். ‘இரைச்சல்’ என்பது உங்கள் முடிவு. பிள்ளைகள் எதைப் பற்றிப் பேசினார்கள் என்பதே சாட்சி. பேச்செல்லாம் பாடத்தைப் பற்றியதென்றால் அந்த இரைச்சலுக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன். கணக்கு ஆசிரியருக்குப் போட்ட 17கூட எனக்கு உறுத்துகிறது. அந்த அமைதியில் எத்தனை பிள்ளைகளுக்குக் கணக்குப் புரிந்திருந்தது? நான்கைந்து நோட்டுகளையாவது புரட்டிப் பார்த்தீர்களா?

இன்னொன்று, ‘ஏ’ பிரிவையும் ‘பி’ பிரிவையும் ஒரே தராசில் வைத்திருக்கிறீர்கள். உங்கள் வட்டத்தில் வீட்டில் மலையாளம் பேசிவிட்டு வந்து தமிழ் வகுப்பில் உட்காரும் பிள்ளைகள் உண்டு. ‘பி’ பிரிவில் அப்படி எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவில் நான்கு கல்வி மாவட்டங்களின் மதிப்பீடுகளை ஆராய்ந்து புரூக்கிங்ஸ் நிறுவனம் 2014இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஏற்கெனவே நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் வாய்த்த ஆசிரியர்களுக்கே வகுப்பைப் பார்க்கிறவர்கள் கூடுதல் மதிப்பெண் போட்டிருந்தார்கள். தேறிய வகுப்பைக் கண்டதும் ஆசிரியரும் தேறியவராகத் தெரிகிறார். நம் ஊருக்கும் இது அப்படியே பொருந்தும் என்பது என் அனுபவம்.

ஒருவரே ஒரு முறை பார்த்துப் போடும் மதிப்பெண்ணை நம்பவும் கூடாது. கேட்ஸ் அறக்கட்டளை சுமார் 3,000 ஆசிரியர்களைக் கொண்டு நடத்திய பெரிய ஆய்வில், ஒருவரே இன்னொரு பாடத்தைப் பார்ப்பதைவிட வேறொருவரும் பார்ப்பது மதிப்பீட்டை அதிகம் உறுதிப்படுத்துவதாகத் தெரிந்தது. உங்கள் நிர்வாகத்தின் வேறொரு பள்ளியிலிருந்து அனுபவமுள்ள தமிழாசிரியர் ஒருவரை அனுப்பும்படி தாளாளரிடம் கேளுங்கள். இலக்கணப் பாடம் எங்கே தடுக்கும் என்பது தமிழ் நடத்தியவருக்குத்தான் தெரியும்.

இனி அந்த டீச்சர். அவரை உங்கள் அறைக்குக் கூப்பிட வேண்டாம். மூத்தவர், நீங்களே போங்கள். “டீச்சர், நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். நீங்கள் சொல்கிற நாளில், சொல்கிற பாடத்துக்கு வந்து முழுப் பாடவேளையும் இருக்கிறேன்” என்று சொல்லுங்கள். பிள்ளைகள் எதைக் கற்க வேண்டுமென்று நினைத்திருக்கிறார் என்பதை முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு சொல்லாமலும் ஒரு நாள் போகலாம்; அதையும் இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள். பார்த்த மறுநாளே நோட்டை அவர் கையில் கொடுங்கள். ‘இது என் வகுப்புதான்’ என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகு மதிப்பெண்ணைப் பேசலாம். திருத்தம் சொல்வதானால் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

மேசையில் இருக்கும் அந்த இரண்டு படிவங்களையும் தாளாளருக்கு அனுப்ப வேண்டாம். இரண்டு மாத அவகாசம் கேளுங்கள்.