கோட்டை நாடகத்துக்கு எந்தப் பிஸ்டல்? கேள்வி பதில்

1638 இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்த கதையை வேடமிட்டு நடிக்க நினைப்பவர்களின் கேள்விகள் இவை.

கல்லடி: அண்ணன், வெளிநாட்டிலிருந்து மலிவான கருமருந்துப் பிஸ்டல் ஒன்றை எடுப்பிக்கலாமா?

வேண்டாம் தம்பி. பழைய மாதிரியில் செய்திருந்தாலும் சுடக்கூடியது துவக்குத்தான், அனுமதிப்பத்திரம் வேண்டும். மருந்துக்கு 1956 இன் வெடிபொருட்கள் சட்டம் வேறு. குண்டு போடாமல் சுட்டாலும் மருந்தை அடைத்த தக்கை கிட்டத்தில் ஆளைக் காயப்படுத்தும். மருந்தைப் பற்றவைக்கும் துளையான பற்றுவாயில் எழும் தீ பக்கத்தில் நிற்பவரின் முகத்தைச் சுடும். களரியில் ஆட்கள் தோளோடு தோள் நிற்பார்கள்.

காரைதீவு: எந்த மாதிரி பொருந்தும்?

கேப்பு (தட்டினால் வெடிக்கும் சிறு மூடி) வைத்துச் சுடுவது 19ஆம் நூற்றாண்டுக்குரியது, அதை விடுங்கள். சிப்பாய்களுக்கு எரியும் திரியால் பற்றவைக்கும் திரித்துவக்கு, தளபதிக்கு மட்டும் சக்கரம் சுழன்று பொறி எழுப்பும் சக்கரப்பூட்டுப் பிஸ்டல். ஒல்லாந்தரோடு சேர்ந்த கண்டி அரசன் இராசசிங்கன் படைக்குச் செய்தால் பூட்டை (சுடவைக்கும் பொறியை) இடப்பக்கம் வையுங்கள். சிங்களத் துவக்கின் அடையாளம் அது.

அக்கரைப்பற்று: குறைந்த செலவில் எப்படிச் செய்வது, அண்ணா?

தங்கச்சி, பிஸ்டலின் முழு நீளம் 22 அங்குலம், அதில் குழல் 14. அரை அங்குல பிவிசி குழாய் போதும். வாயிலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளி மரக்கட்டையை எப்பொக்சியால் ஒட்டி அடைத்துக் கறுப்புப் பூசுங்கள், தூரத்துக்கு ஓட்டை போலவே தெரியும். பெயின்ற் பூசுமுன் குழாயை 120ஆம் நம்பர் மண்கடதாசியால் தேயுங்கள், இல்லாவிட்டால் வியர்வையில் உரியும். முள்முருக்கு இலேசு, ஆனால் பிடியின் கழுத்தில் முறிந்துவிடும். பிடிக்கு வேம்பை எடுத்து, நார் வளைவோடு ஓடும்படி அறுங்கள். நார் குறுக்கே போனால் ஒருமுறை கீழே விழுந்தாலே இரண்டாகும். சக்கரத்துக்குச் சிறிய சப்பாத்துப் பொலிஷ் டப்பாவின் மூடி, விளிம்பை அரத்தால் மழுக்கி.

காத்தான்குடி: சத்தமும் புகையும்?

குழலுக்குள் பட்டாசு ஒருபோதும் வேண்டாம், பிவிசி சிதறிக் கண்ணில் குத்தும். ஒன்றரை அடிப் பலகை இரண்டை ஒரு முனையில் பிணைச்சலால் சேர்த்து, திரைக்குப் பின்னால் ஒருவர் அறையட்டும். அவர் பார்க்கவேண்டியது நடிகரின் மணிக்கட்டை. அரை விநாடி பிந்தினாலும் சனம் பிடித்துவிடும். புகைக்கு றப்பர்க் குமிழில் கால் தேக்கரண்டி டால்க் பவுடர், முகத்துக்கு நேரே ஊதாமல். கோதுமை மா கூடாது: பறக்கும் மா பந்தத்தில் பட்டால் பற்றும்.

கல்முனை: ஊர்வலத்தில் கொண்டுபோகலாமா?

முதலே பொலிஸ் நிலையத்துக்கு எழுத்தில் அறிவித்து, சாமான்களையும் காட்டுங்கள். வழியில் சாக்குக்குள் கட்டிக்கொண்டு போங்கள், களத்தில்தான் வெளியே எடுக்கவேண்டும்.