வரைபு லைப்ரரி கட்டும்போது வரும் தலையிடிகள்: கேள்வி-பதில்

வந்து சேர்ந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: டெஸ்க்டொப் மென்பொருளுக்குள் வரைபு போட ஒரு லைப்ரரியை இறக்கி, கொம்பைல் பண்ணி, ஓடவைப்பது. கேட்டவர்கள் எல்லோரும் சி++ மொழி, அதில் ஜன்னலும் பொத்தானும் உள்ள மென்பொருள் எழுத உதவும் கியூடி, இந்தப் பக்கம் இருப்பதால் இந்தமுறை அதோடு நிற்கிறேன். கியூடபிள்யூடி என்று அடிக்கடி வரும். தொழில்நுட்ப வரைபுகளுக்கென்றே கியூடியின் மேல் எழுதப்பட்ட பழைய லைப்ரரி அது.

அண்ணா, நாங்கள் மூன்று பேர் சேர்ந்து சின்னதாக ஒரு கொம்பனி நடத்துகிறோம். ஒரு தொழிற்சாலைக்கு வெப்பநிலையும் அமுக்கமும் காட்டும் மென்பொருள் செய்து கொடுக்கவேண்டும். கியூடியோடு கூடவே கியூடி சார்ட்ஸ் என்ற வரைபுப் பகுதி வருகிறதே, அதையே பாவித்தால் என்ன? (வெள்ளவத்தை)

பாவிக்கலாம், உரிமத்தை வாசித்த பிறகு. கியூடியின் பெரும்பகுதி, உங்கள் கோடை மூடி வைத்திருக்க விடும் எல்ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் கிடைப்பதால் சார்ட்ஸும் அப்படித்தான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது ஜிபிஎல் 3, அல்லது காசு கொடுத்து வாங்கும் வணிக உரிமம். ஜிபிஎல்லில் எடுத்தால், மென்பொருளை வாங்கும் தொழிற்சாலைக்கு உங்கள் சோர்ஸ் கோடையும் அதே உரிமத்தில் கொடுக்கவேண்டிவரும். அதில் உங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றால் பிரச்சினையே இல்லை, சில வாடிக்கையாளர்கள் அதைத்தான் விரும்புவார்கள். கியூகஸ்டம்பிளாட் என்ற இன்னொரு வரைபு லைப்ரரியும் இதே கதைதான். கோடை மூடி வைத்திருக்கவேண்டும் என்றால் கியூடபிள்யூடி பக்கம் வாருங்கள்: எல்ஜிபிஎல் 2.1ஐ அடிப்படையாக வைத்து, மேலே சில சலுகைகளும் சேர்த்த உரிமம், ஸ்டாட்டிக்காக லிங்க் பண்ணவும் (எக்ஸீக்குள்ளேயே சேர்த்துக் கட்டவும்) அதில் இடம் உண்டு. ஆனால் அந்தச் சலுகை கியூடபிள்யூடிக்கு மட்டும். அடியில் இருக்கும் கியூடிக்கு அது பொருந்தாது, ஆகவே கியூடியை டிஎல்எல்லாகவே, எக்ஸீக்கு வெளியே தனி ஃபைலாக, வைத்திருங்கள்.

உங்கள் வேலைக்கு எப்படியும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். வரைபு மட்டுமல்லாமல் அமுக்கமானி மாதிரியான வட்ட டயல், வெப்பமானி, திருகும் குமிழ் எல்லாம் அதில் தயாராக இருக்கின்றன. கம்பஸ் ப்ரொஜெக்ட் செய்யும் தம்பி தங்கைமாருக்குக் கியூகஸ்டம்பிளாட் போதும். அது ஒரு ஹெடர், ஒரு சிபிபி, இரண்டே ஃபைல். உங்கள் ப்ரொஜெக்ட்டுக்குள் போட்டு, பிரின்ட்சப்போர்ட் மொடியூலைச் சேர்த்தால் முடிந்தது, தனியாகக் கட்டவேண்டிய வேலையே இல்லை. மிங்டபிள்யூ கொம்பைலரில் டீபக்காகக் கட்டும்போது "ஃபைல் பெரிது" என்று அசெம்ப்ளர் அடம்பிடித்தால் பிக்-ஒப்ஜ் ஃபிளாக்கைக் கொடுங்கள்.

விண்டோஸில் கியூடபிள்யூடியைக் கட்டி முடித்துவிட்டேன். என் ப்ரொஜெக்ட்டில் சேர்த்தால் முதலில் லிங்கர் "ஸ்டாட்டிக்மெட்டாஒப்ஜெக்ட்" கிடைக்கவில்லை என்றது. எதையோ மாற்றி அதைத் தாண்டினால், ஓடும்போது "கியூவிட்ஜெட்டுக்கு முன் கியூஅப்ளிகேஷனை உருவாக்கு" என்று சொல்லிச் செத்துப்போகிறது. உருவாக்கித்தானே இருக்கிறேன்! (கொட்டாஞ்சேனை)

உருவாக்கியிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் ப்ரோக்ராமுக்குள் இப்போது இரண்டு கியூடி ஓடுகிறது. அதுதான் விஷயம்.

விண்டோஸில் கியூடபிள்யூடி கட்டும்போது வழக்கமாக இரண்டு டிஎல்எல் வரும், ஒன்று வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் ரிலீஸ், மற்றது பெயரின் கடைசியில் "டி" எழுத்து ஒட்டிய, பிழை தேடுவதற்கான டீபக். டீபக் டிஎல்எல் கியூடியின் டீபக் கோரை (அடிப்படை டிஎல்எல்லை) தேடும், ரிலீஸ் டிஎல்எல் ரிலீஸ் கோரைத் தேடும். உங்கள் எக்ஸீ டீபக்காக இருக்க, லிங்க் வரியில் ரிலீஸ் லைப்ரரியின் பெயர் கிடந்தால் விண்டோஸ் எதுவும் பேசாமல் இரண்டு கோரையும் ஏற்றிவிடும். நீங்கள் உருவாக்கிய அப்ளிகேஷன் ஒரு கோரில், வரைபு விட்ஜெட் தேடுவது மற்றக் கோரில். டீபக்கோடு டீபக், ரிலீஸோடு ரிலீஸ் என்று சேர்த்தால் அந்த எரர் போய்விடும்.

முதல் எரருக்குக் காரணம் வேறு. லைப்ரரியை டிஎல்எல்லாகக் கட்டியிருந்தால் உங்கள் ப்ரொஜெக்ட்டிலும் "கியூடபிள்யூடி_டிஎல்எல்" என்ற மெக்ரோவை டிஃபைன் பண்ணியாகவேண்டும். அது இல்லாவிட்டாலும் சாதாரண ஃபங்ஷன்கள் எப்படியோ இணைந்துவிடும், ஆனால் ஸ்டாட்டிக்மெட்டாஒப்ஜெக்ட் ஒரு டேட்டா, அது டிஎல்எல்லிலிருந்து வருகிறது என்று கொம்பைலருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும். அதனால்தான் பிளாட் கிளாஸிலிருந்து சொந்தக் கிளாஸ் ஒன்றைப் பெற்று, கியூ_ஒப்ஜெக்ட் எழுதிய உடனே இந்த எரர் தலைகாட்டும்.

இரண்டையும் கையால் சரிபண்ணுவதைவிட, இன்ஸ்டால் பண்ணிய இடத்தில் ஃபீச்சர்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் பிஆர்எஃப் ஃபைலை உங்கள் ப்ரோ ஃபைலில் (ப்ரொஜெக்ட்டை எப்படிக் கட்டுவது என்று எழுதிய ஃபைல்) இன்க்ளூட் செய்து, கொன்ஃபிக் வரியில் கியூடபிள்யூடி என்று சேர்த்துவிடுங்கள். மெக்ரோவையும் டீபக்கா ரிலீஸா என்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். இணையத்தில் கிடைக்கும் "இந்த லிப்ஸ் வரியைப் போடு" என்ற குறிப்புகளை நம்பவேண்டாம், அவை எழுதியவருடைய கணினிக்கு எழுதப்பட்டவை. இன்னொன்று, லைப்ரரியைக் கட்டிய அதே கியூடி, அதே கொம்பைலர்தான் ப்ரொஜெக்ட்டுக்கும். எம்எஸ்விசியில், அதாவது விஷுவல் ஸ்டூடியோவின் கொம்பைலரில், கட்டியது மிங்டபிள்யூவோடு சேராது.

கோடு வரவில்லை. எரரும் இல்லை. அச்சுகள் மட்டும் தெரிகின்றன. (மருதானை)

கேர்வை (கோட்டை) பிளாட்டோடு (வரைபோடு) அட்டாச் பண்ணினீர்களா? பண்ணியிருந்தால், தரவைக் கொடுத்த பிறகு ரீபிளாட்டைக் கூப்பிடுங்கள். தானாக மறுபடி வரையும் வசதி ஆரம்பத்தில் அணைந்தே இருக்கும்.

உபுண்டுவில் கியூமேக், மேக், மேக் இன்ஸ்டால் எல்லாம் ஒரு எரரும் இல்லாமல் முடிந்தது. ப்ரோக்ராமும் கொம்பைல் ஆகிறது. ஓடவிட்டால் கியூடபிள்யூடியின் எஸ்ஓ ஃபைலைத் திறக்கமுடியவில்லை என்கிறது. (தெஹிவளை)

எஸ்ஓ என்பது லினக்ஸின் டிஎல்எல். கியூடபிள்யூடி யூஸர் லோக்கலுக்குள் வேர்ஷன் இலக்கத்தோடு தனி ஃபோல்டர் போட்டு உட்கார்ந்துகொள்ளும், ப்ரோக்ராமை ஏற்றும் லோடர் அங்கே போய்த் தேடாது. எல்டி எஸ்ஓ கொன்ஃப் ஃபைலில் அந்த லிப் ஃபோல்டரை ஒரு வரியாகச் சேர்த்துவிட்டு எல்டிகொன்ஃபிக்கை ஓட்டுங்கள். அல்லது உங்கள் ப்ரொஜெக்ட்டிலேயே ஆர்பாத் (லைப்ரரியைத் தேடவேண்டிய இடம்) கொடுங்கள். எல்டி லைப்ரரி பாத் வேரியபிளைப் போட்டாலும் ஓடும், ஆனால் அது அந்த டெர்மினலோடு முடிந்துவிடும், நாளைக்கு ஐகொனைக் கிளிக் பண்ணினால் மறுபடி அதே எரர்.

அதற்கு முன் ஒன்று கேட்கவேண்டும்: ஏன் கட்டினீர்கள்? கியூடி 5 என்றால் உபுண்டுவின் களஞ்சியத்திலேயே கட்டிய பொதி இருக்கிறது. புது வேர்ஷன் வேண்டும், அல்லது எஸ்விஜி, ஓபன்ஜிஎல் பகுதிகளைக் கழற்றவேண்டும் என்றால்தான் சோர்ஸ். அப்போதும் கியூமேக் ஓட்டமுன் கொன்ஃபிக் பிஆர்ஐ ஃபைலைத் திறந்து, வேண்டாத வரிகளுக்கு முன்னால் ஹேஷ் போடுங்கள். எதைக் கட்டவேண்டும், எங்கே இன்ஸ்டால் பண்ணவேண்டும் இரண்டும் அந்த ஒரு ஃபைலில்தான். அதைத் திறந்துபார்க்காமலே கட்டத் தொடங்குகிறவர்கள்தான் அதிகம்.

பங்குச்சந்தை விலைகளை வரைந்தேன். சந்தை விடியற்காலை 4 மணிக்குத் திறப்பதுபோல் காட்டுகிறது. இன்னொரு வரைபில் நாட்கள் எல்லாம் 5.30க்குத் தொடங்குகின்றன. நண்பர் ஒருவரின் பழைய மழைவீழ்ச்சித் தரவில் அரை மணித்தியாலம் உதைக்கிறது. மூன்றும் ஒரே பிரச்சினையா? (பம்பலப்பிட்டி)

முதல் இரண்டும் சகோதரங்கள். மூன்றாவது தனிக் கதை, அதுதான் சுவாரசியம்.

கியூடபிள்யூடி நேரத்தை உள்ளே யூடிசி (உலகப் பொது நேரம்) மில்லிசெக்கனாக வைத்திருக்கிறது. கொழும்பு யூடிசியைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால். காலை 9.30 என்று சிஎஸ்வியில் இருந்ததை உள்ளூர் நேரமாக வாசித்து, அச்சை யூடிசியில் வரைந்தால் 4.00 என்றுதான் வரும். நாள் 5.30க்குத் தொடங்குவது, அச்சின் கோடுகளைக் கணக்கிடும் ஸ்கேல் எஞ்சினுக்கு யூடிசியும், எழுத்தைப் போடும் ஸ்கேல் டிராவுக்கு உள்ளூர் நேரமும் கொடுத்ததால். எஞ்சின் யூடிசி நள்ளிரவில் கோடு கீறுகிறது, டிரா அதற்கு 5.30 என்று பெயர் எழுதுகிறது. இரண்டுக்கும் ஒரே டைம்ஸ்பெக் (யூடிசியா உள்ளூர் நேரமா என்ற அமைப்பு) கொடுங்கள், அவ்வளவுதான்.

மழைவீழ்ச்சிக்கு வருவோம். உங்களில் வயது குறைந்தவர்களுக்கு ஞாபகம் இருக்காது, இலங்கை 1996 மே 25 அன்று மின்சாரத்தை மிச்சம்பிடிக்கக் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி +6.30 ஆக்கியது. அதே ஆண்டு ஒக்டோபர் 26 இல் அரை மணித்தியாலம் பின்னே இழுத்து +6.00. அப்படியே பத்து வருடம் போய், 2006 ஏப்ரல் 15, புத்தாண்டுக்கு அடுத்த நாள், திரும்பவும் +5.30. ஆகவே 1998 தரவுக்கு நிலையாக +5.30 என்று கொடுத்தால் அரை மணித்தியாலம் பிசகும். லினக்ஸில் ஏசியா/கொழும்பு நேரவலயத்தின் பெயரைக் கொடுத்தால் இந்த மாற்றங்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. விண்டோஸின் சொந்த நேரவலயப் பட்டியலை நம்பிப் பழைய தரவைத் தொடவேண்டாம் என்பது என் கட்சி. லினக்ஸிலோ பைதனிலோ ஒருமுறை யூடிசிக்கு மாற்றிச் சேமித்துவிட்டு, பிறகு வரையுங்கள்.

அதற்கும் முன்னால், பதிவு எடுத்த கருவியின் கடிகாரத்தை அந்த நாட்களில் யாராவது உண்மையில் மாற்றினார்களா என்று நண்பரிடம் கேளுங்கள். தரவு வன்னிப் பக்கத்திலிருந்து வந்தது என்றால் இன்னும் கவனம், அங்கே புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரத்தைத்தான் பின்பற்றினார்கள். புது நேரமா பழைய நேரமா என்று கேட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போன காலம் அது. லைப்ரரிக்கு இதெல்லாம் தெரியாது, தெரிந்திருக்கவேண்டியது நீங்கள்தான்.

கியூடி கிரியேட்டருக்குள் கியூடபிள்யூடி விட்ஜெட்டுகள் தெரியவே இல்லை. பிளக்-இன் கட்டப்பட்டிருக்கிறது. (தெமட்டகொடை)

கிரியேட்டருக்குள் இருக்கும் டிசைனர், கிரியேட்டரைக் கட்டிய கியூடியோடும் கொம்பைலரோடும் ஒத்துப்போகும் பிளக்-இன்னை மட்டும்தான் ஏற்றும். விண்டோஸில் அது பெரும்பாலும் எம்எஸ்விசி, நீங்கள் மிங்டபிள்யூவில் கட்டியிருந்தால் எந்த ஃபோல்டரில் போட்டாலும் தெரியாது. உங்கள் கியூடியோடு வரும் தனி டிசைனரைத் திறந்துபாருங்கள், அதில் வரும். அதுவும் வேண்டாம் என்றால் சாதாரண விட்ஜெட் ஒன்றை வைத்து, ப்ரமோட் பண்ணி, கிளாஸ் பெயரை எழுதிவிடுங்கள். நான் இதையே செய்யச் சொல்வேன், பிளக்-இன்னோடு மல்லுக்கட்டும் நேரத்தில் நாலு வரைபு போட்டுவிடலாம்.

அச்சின் பெயரைத் தமிழில் எழுதினால் கேள்விக்குறியாக வருகிறது. விஷுவல் ஸ்டூடியோ கொம்பைலர், கியூடி 5. (மட்டக்குளி)

எழுத்துருவில் பிழை இருந்தால் பெட்டி பெட்டியாகத்தான் வரும். கேள்விக்குறி வந்தால் கொம்பைல் ஆகும்போதே எழுத்து தொலைந்துவிட்டது. உங்கள் ஃபைல் யூடிஎஃப்-8, ஆனால் எம்எஸ்விசி அதை எக்ஸீக்குள் எழுதும்போது விண்டோஸின் பழைய கோட்பேஜுக்கு மாற்றுகிறது, அதில் தமிழ் இல்லை. கொம்பைலருக்கு யூடிஎஃப்-8 ஃபிளாக்கைக் கொடுத்தால் சரி. கியூடி 6 அதைத் தானே கொடுத்துவிடும். கொம்பு, கால் எல்லாம் இடம் மாறாமல் ஒழுங்காக உட்காரும், அந்த விஷயத்தில் கியூடி நல்ல பிள்ளை. வாடிக்கையாளரின் கணினியில் என்ன எழுத்துரு இருக்கும் என்று சந்தேகமாக இருந்தால் நோட்டோ சான்ஸ் தமிழை ரிசோர்ஸாகச் சேர்த்து, தொடக்கத்திலேயே எழுத்துருத் தளத்தில் பதிந்துவிடுங்கள்.

பத்து இலட்சம் புள்ளிகள். ஸூம் பண்ணினால் ஸ்க்ரீன் உறைகிறது. (கொழும்பு 7)

பேனாவின் தடிப்பு எவ்வளவு? 2 அல்லது 3 என்றால் 1 ஆக்குங்கள், அன்டிஅலியாசிங்கையும் (கோட்டின் ஓரத்தை மழுப்புவது) அணையுங்கள், பெரும்பாலும் அதிலேயே பாதி வலி போய்விடும். பிறகு கேர்வின் பெயின்ட் அட்ரிபியூட்டில் ஃபில்டர்பொயின்ட்ஸைப் போடுங்கள், ஒரே பிக்சலில் விழும் புள்ளிகளை அது கழித்துவிடும். தரவு உங்கள் எரேயிலேயே நிலையாக இருக்கிறதென்றால் செட்சாம்பிள்ஸுக்குப் பதில் செட்ரோசாம்பிள்ஸ், அது நகல் எடுக்காது. ஆனால் வரைபு உயிரோடு இருக்கும்வரை அந்த எரேயை அழிக்கக்கூடாது.

என் லெப்டொப்பில் ஓடுகிறது, வாடிக்கையாளரின் கணினியில் டிஎல்எல் இல்லை என்கிறது. விண்டிப்ளோய்கியூடி ஓட்டிவிட்டுத்தான் கொடுத்தேன். (வெள்ளவத்தை)

அது கியூடியின் டிஎல்எல்களைத்தான் சேர்க்கும், கியூடபிள்யூடியின் டிஎல்எல்லை நீங்கள்தான் எக்ஸீக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கவேண்டும். வைத்த பிறகும் எஸ்விஜி இல்லை, பிரின்ட்சப்போர்ட் இல்லை என்று கேட்கும், ஏனென்றால் அவற்றைக் கூப்பிடுவது உங்கள் எக்ஸீ இல்லை, கியூடபிள்யூடி. விண்டிப்ளோய்கியூடிக்கு எக்ஸீயோடு அந்த டிஎல்எல்லின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள், இரண்டுக்கும் வேண்டியதை எடுத்துவரும். பிறகு கியூடி இன்ஸ்டால் பண்ணாத ஒரு கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.