1.6 லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசல் டிசையரை வாங்கலாமா?

நீங்கள் சொல்லும் வண்டி 2014 மாடல் ஸ்விஃப்ட் டிசையர் டீசல். இரண்டாவது ஓனர், மீட்டரில் 1,60,000 கி.மீ., கார் கன்சல்டிங்கில் (பழைய கார் விற்கும் கடையில்) நிற்கிறது. வீட்டில் எல்லோரும் "இவ்வளவு ஓடின வண்டி எதுக்கு?" என்கிறார்கள். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்கலாம். ஓட்டத்தின் எண்ணிக்கைக்காக மட்டும் ஒதுக்க வேண்டாம். சர்வீஸ் பில் வரிசையாக இருக்கிற, இரண்டு லட்சம் ஓடிய டீசல் வண்டிக்கு நான் தைரியமாகப் பணம் கொடுப்பேன். பில்லே இல்லாமல் "எழுபதாயிரம்தான் ஓடியிருக்கு சார், டாக்டர் வண்டி" என்று ஒருவர் சொன்னால் கொடுக்க மாட்டேன். (விற்கிற வண்டியெல்லாம் எப்படித்தான் டாக்டர் வண்டியாகவே இருக்கிறதோ!)

இந்த வண்டியில் இருப்பது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட், 1248 சி.சி. மாருதி இதை டி.டி.ஐ.எஸ். என்றது, டாடா குவாட்ராஜெட் என்றது. ஸ்விஃப்ட், ரிட்ஸ், எர்டிகா, விஸ்டா, மான்சா, புன்ட்டோ என்று பாதி ஊர் இந்த ஒரே இன்ஜினில்தான் ஓடியது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 எனும் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. ஆனாலும் உதிரி பாகத்துக்குத் திண்டாட்டம் இல்லை. புதிதாக வேண்டுமென்றால் சென்னை ஜி.பி. ரோடு, பழசு போதுமென்றால் புதுப்பேட்டை. வேலை தெரிந்த மெக்கானிக் எல்லா ஊரிலும் கிடைப்பார். இன்னொரு நிம்மதி, பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் வரும் டி.பி.எஃப். எனும் புகைக்கரி வடிகட்டி இதில் கிடையாது. ஊருக்குள்ளேயே ஓட்டி அது அடைத்துக்கொண்டது என்ற தலைவலி உங்களுக்கு வராது.

வண்டியைப் பார்க்கப் போகும் முன் ஒன்று. மாதம் ஆயிரம் கிலோமீட்டராவது ஓட்டுவீர்களா? பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இப்போது லிட்டருக்குப் பத்து ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. காய்கறி வாங்கவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும்தான் வண்டி என்றால், அதே காசுக்கு பெட்ரோல் வண்டி பாருங்கள். நெடுஞ்சாலை ஓட்டம் உண்டு என்றால் தொடர்ந்து படியுங்கள்.

முதலில் மீட்டர். டிஜிட்டல் மீட்டரைத் திருப்பி வைப்பது அரை மணி நேர வேலை, அதனால் அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். வண்டி நம்பரைச் சொல்லி கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய பதிவைக் கேளுங்கள். ஒவ்வொரு தடவை வந்தபோதும் எத்தனை கிலோமீட்டர் என்று குறித்திருப்பார்கள். 2018-ல் 1,30,000 என்றிருந்த வண்டி இன்று 1,60,000-ல் நிற்கிறது என்றால், அதற்குப் பிறகு என்ன ஆனது என்பதற்குப் பதில் வேண்டும். வெளியே சர்வீஸ் செய்திருந்தால் அந்த பில்களைக் கேளுங்கள். பதிவு கிடைக்கவில்லையா, கிளட்ச் பெடல் ரப்பர், ஸ்டீயரிங் தோல், டிரைவர் சீட்டின் வலது ஓரம் மூன்றையும் பாருங்கள். புதுசாக சீட் கவர் போட்டிருந்தால் தூக்கிப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

டிசையர் என்பதால் இன்னொரு சந்தேகமும் கட்டாயம் வர வேண்டும்: டி போர்டாக (டாக்ஸியாக) ஓடி, பிறகு சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டுக்கு மாற்றிய வண்டியா? ஆர்.சி.யின் பழைய விவரத்தைக் கேளுங்கள். நம்பர் பிளேட்டின் பின்புறம் பழைய மஞ்சள் பெயின்ட், டேஷ்போர்டில் வாடகை மீட்டர் மாட்டிய திருகு ஓட்டை, வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்காக வெட்டி ஒட்டிய வயர் என்று ஏதாவது ஒரு தடயம் மிச்சம் இருக்கும். கால் டாக்ஸியாக ஓடிய வண்டி 1,60,000-ல் நிற்பது அபூர்வம்.

இப்போது இன்ஜின். அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "காலையில் ஆறரைக்கு வருகிறேன், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்." போனதும் பானெட்டைத் திறந்து இன்ஜின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் கிளம்பி வந்துவிடலாம், அல்லது மறுநாள் வருவதாகச் சொல்லலாம். சூடான டீசல் இன்ஜின் எதையும் மறைத்துவிடும்.

ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். டீசலில் ஆயில் கறுப்பாக இருப்பது குற்றம் இல்லை, மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். தேன் நிறத்தில் பளபளவென்று இருந்தால் நேற்றுதான் மாற்றியிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள். தேய்ந்த இன்ஜினின் சத்தத்தை அடக்கக் கெட்டியான ஆயில் ஊற்றுகிற வழக்கம் உண்டு. அளவு குறைந்திருந்தால் ஆயில் குடிக்கிறது, அல்லது எங்கோ ஒழுகுகிறது.

சாவியைப் போட்டதும் டேஷ்போர்டில் சுருள் கம்பி மாதிரி ஒரு விளக்கு எரிந்து அணையும். அது அணைந்த பிறகு செல்ஃப் அடியுங்கள். இரண்டு மூன்று சுற்றுக்குள் பிடிக்க வேண்டும். நெடுநேரம் இழுத்துத்தான் பிடிக்கிறது என்றால் பேட்டரி, குளோ பிளக் (ஸ்டார்ட்டுக்கு முன் சூடேற்றும் கம்பி) என்று சின்னதாகவும் இருக்கலாம், இன்ஜெக்டர் (டீசலைப் பீய்ச்சும் பாகம்), கம்ப்ரஷன் என்று பெரிதாகவும் இருக்கலாம். இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான். ஆயிலின் அழுத்தத்தில்தான் செயின் இறுகுகிறது. அதனால் பிடித்த ஒன்றிரண்டு வினாடி கொஞ்சம் சலசலக்கலாம். அதற்குப் பிறகும் இன்ஜினின் பக்கவாட்டில் சங்கிலி இழுபடுகிற சத்தம் தொடர்ந்தால், ஆயிலை நேரத்துக்கு மாற்றாமல் ஓட்டிச் செயின் தளர்ந்திருக்கிறது. செயின் பல் தாண்டினால் ஹெட் வேலை வரைக்கும் இழுத்துவிடும்.

ஒருவரை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். திடீரென்று மிதிக்கும்போது கொஞ்சம் கறுப்புப் புகை வந்து நின்றால் பரவாயில்லை. தொடர்ந்து கறுப்பாக வந்தால் காற்று போதவில்லை: ஃபில்டர், டர்போ குழாய், இ.ஜி.ஆர். (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் வால்வு) என்று தேட வேண்டும். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. கண் எரிய வெள்ளைப் புகை வந்தால் டீசல் சரியாக எரியாமல் வெளியேறுகிறது.

இன்ஜின் சூடானதும், ஐடிலில் ஓடும்போதே, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, கவிழ்த்து அதே ஓட்டையின் மேல் வையுங்கள். ஒரு துணி கையில் இருக்கட்டும், ஆயில் தெறிக்கும். மூடி லேசாக நடுங்கினால் சரி. தூக்கி எறிந்து, குபுகுபுவென்று புகையும் வந்தால், மெக்கானிக்குகள் "கம்ப்ரஷன் அடிக்குது" என்பார்களே, அதுதான். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் காற்று கீழே இறங்குகிறது. அந்த வண்டிக்கு இன்ஜின் வேலை காத்திருக்கிறது. விலையில் எவ்வளவு குறைத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

கூலன்ட் டப்பாவை வண்டி ஆறியிருக்கும்போது மட்டும் திறக்க வேண்டும். நம் ஊரில் பாதிப் பேர் கூலன்டுக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். துரு நிறத்தில் தண்ணீர், ஓரமெல்லாம் உப்புப் படிவு என்று இருந்தால் ரேடியேட்டரும் வாட்டர் பம்பும் அடுத்த செலவு. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, இன்ஜின் ஓடும்போது விடாமல் குமிழி வந்தாலோ ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஓட்டிப் பாருங்கள். கடையைச் சுற்றி ஒரு ரவுண்டு போதாது. பைபாஸில் இருபது கிலோமீட்டராவது, ஏ.சி. போட்டு. இந்த 75 குதிரைத்திறன் டிசையர் 2000 ஆர்.பி.எம். வரைக்கும் மந்தமாகத்தான் இருக்கும், பிறகு சட்டென்று இழுக்கும். அது குறை இல்லை, இதன் குணமே அப்படி. ஆனால் 2000-ஐத் தாண்டியும் அந்த இழுப்பு வரவில்லை, அல்லது சைரன் மாதிரி ஊளை வருகிறது என்றால் டர்போவைப் பார்க்க வேண்டும். நாலாவது கியரில் நாற்பது வேகத்தில் போய் ஒரே மிதியாக மிதியுங்கள். ஆர்.பி.எம். முள் ஏறி வண்டியின் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. திரும்பி வந்து நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் பிடிக்க மறுப்பது தேய்ந்த இன்ஜெக்டரின் அடையாளங்களில் ஒன்று.

இன்ஜெக்டருக்குக் கண்ணும் காதும் மட்டும் போதாது. ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் வேலை செய்கிற பொருள், டீசலில் கொஞ்சம் தண்ணீர் கலந்தாலே கெட்டுவிடும். சம்பந்தமில்லாத ஒரு டீசல் மெக்கானிக்கிடம் காசு கொடுத்துக் காட்டுங்கள். ஸ்கேனர் மாட்டி ஒவ்வொரு சிலிண்டருக்கும் இன்ஜெக்டர் திருத்த அளவு எவ்வளவு என்று பார்ப்பார். இன்னும் துல்லியமாக வேண்டுமானால், நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாய்களையும் (மிச்ச டீசல் திரும்பும் குழாய்கள்) கழற்றி நான்கு சின்ன பாட்டிலில் விட்டு, இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிடுவார். மூன்று பாட்டிலில் அரை அங்குலம், ஒன்றில் மட்டும் இரண்டு அங்குலம் நின்றால் எந்த இன்ஜெக்டர் போயிருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். கன்சல்டிங்காரர் இந்தச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.

பாடியை நேரம் கிடைக்கிற அளவுக்குப் பாருங்கள். கொஞ்சம் டிங்கரிங், பெயின்டிங் எல்லா வண்டியிலும் இருக்கும். பில்லரும் (கூரையைத் தாங்கும் தூண்) ஏப்ரனும் (பானெட்டுக்குள் முன் சக்கரத்தின் மேல் இருக்கும் தகடு) அடிபட்டிருக்கக் கூடாது. சென்னை, தூத்துக்குடி, நெல்லைப் பக்கத்து வண்டி என்றால் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களை மறக்க வேண்டாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் தண்ணீருக்குள் நின்ற வண்டி. ஸ்டெப்னி குழியையும் பார்த்துவிடுங்கள்.

டிசையர் சரிப்படாமல் வேறு வண்டிக்குப் போனால் பெல்ட்டா செயினா என்று முதலில் கேளுங்கள். டஸ்டர், ஃபோர்டு 1.5, ஃபோக்ஸ்வேகன், பழைய இன்னோவா 2.5 எல்லாம் டைமிங் பெல்ட். லட்சத்தைத் தாண்டிய வண்டியில் பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள். டெல்லிப் பதிவு வண்டி மலிவாக வருகிறது என்றும் ஆசை காட்டுவார்கள். 10 ஆண்டு தாண்டிய டீசலுக்கு அங்கே தடை என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னதால் வரும் மலிவு அது. என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரி, அலைச்சல் எல்லாம் சேர்த்தால் மிச்சம் பெரிதாக இருக்காது.

பேப்பர் விஷயம். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டு ஃபைனான்ஸ் நிலுவை, அபராத சலான், இன்சூரன்ஸ் மூன்றையும் பாருங்கள். 2014 வண்டிக்கு ஆர்.சி. 2029 வரை. அதற்குப் பிறகு எஃப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும், அதையும் விலையில் பேசுங்கள். கடன் இருந்திருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30-ம் கையெழுத்தோடு வாங்குங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. வண்டியை எடுக்கும்போது டெலிவரி நோட்டில் தேதியோடு மணியும் நிமிடமும் எழுதி, ஆர்.சி.யில் பெயர் உள்ள ஓனரிடமே கையெழுத்து வாங்குங்கள். கன்சல்டிங்காரர் போடும் கையெழுத்து மட்டும் போதாது.