அப்டேட் போட்டாயிற்று, லினக்ஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டுமா?

உபுண்டு சர்வரில் அப்டேட் முடிந்த பிறகு ரீஸ்டார்ட் அவசியமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது எனக் கேட்டிருக்கிறீர்கள்.

உபுண்டுவில் முதலில் பார்க்க வேண்டியது ஒரு ஃபைல். வார் டைரக்டரிக்குள் ரன், அதற்குள் ‘ரீபூட்-ரிக்கொயர்ட்’ என்று ஒன்று வந்திருந்தால் ரீபூட் தேவை. அதே பெயரில் ‘பிகேஜிஎஸ்’ என்று முடியும் இன்னொரு ஃபைலைத் திறந்தால், எந்தெந்தப் பேக்கேஜால் ரீபூட் தேவைப்படுகிறது என்று தெரியும்.

ஆனால் அந்த ஃபைல் இல்லையே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். 2014 ஏப்ரலில், ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற என்கிரிப்ஷன் லைப்ரரியில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, நான் பார்த்துக்கொண்டிருந்த சர்வரில் அன்றிரவே ஓப்பன்எஸ்எஸ்எல் அப்டேட்டைப் போட்டேன். புதுப் பேக்கேஜ் ஏறியிருந்தது. காலையில் சோதித்தால் ஓட்டை அப்படியே இருக்கிறது! வெப் சர்வர் பல வாரமாக நிற்காமல் ஓடிக்கொண்டிருந்ததுதான் காரணம். டிஸ்கில் புது லைப்ரரி வந்தாலும், பழையதை ஏற்கெனவே ஏற்றிக்கொண்டு ஓடும் ப்ரோகிராம், அதாவது ப்ராசஸ், அதை விடாது. பெயர் அழிந்த பிறகும், கடைசி ப்ராசஸ் கைவிடும் வரை அந்தப் பழைய ஃபைல் உயிரோடுதான் இருக்கும். வெப் சர்வரை மட்டும் ரீஸ்டார்ட் செய்தேன், ஓட்டை அடைபட்டது. மெஷினை ரீபூட் செய்யத் தேவையே இருக்கவில்லை.

இப்படிப் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கும் சர்வீஸ்களைக் காட்டத்தான் ‘நீட்ரீஸ்டார்ட்’ இருக்கிறது. உபுண்டு 22.04 சர்வரில் அப்டேட் முடிந்ததும் ஊதா நிறத்தில் பட்டியலோடு வந்து நிற்கிறதே, அதுதான். எரிச்சலில் மூடிவிடாமல் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். மற்ற லினக்ஸ் வகைகளில், ரெட்ஹேட், ஃபெடோரா பக்கம் ‘நீட்ஸ்-ரீஸ்டார்ட்டிங் -எஸ்’, ஓப்பன்சூசேயில் ‘ஸிப்பர் பிஎஸ் -எஸ்’.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் கதை வேறு. ‘யூநேம் -ஆர்’ அடித்தால் இப்போது ஓடுவது தெரியும். அது 5.15.0-91 என்று சொல்ல, பூட் டைரக்டரியில் 5.15.0-92 இருந்தால், புதுக் கெர்னல் இன்னும் வேலைக்கே வரவில்லை என்று அர்த்தம். உபுண்டுவின் லைவ்பேட்ச் சேவை கெர்னலின் சில பாதுகாப்பு ஓட்டைகளை ஓடும்போதே அடைக்கும், ஆனால் புதுக் கெர்னலுக்கு மாற்றிவிடாது. அப்புறம் ஜிலிப்சி (பெரும்பாலான ப்ரோகிராம்கள் பயன்படுத்தும் அடிப்படை லைப்ரரி), டிபஸ் (ப்ரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வழி) மாதிரி எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பவை மாறினால், ஒவ்வொரு சர்வீஸாகத் தேடி ரீஸ்டார்ட் செய்வதைவிட நேரம் குறித்து ரீபூட் செய்வதே நல்லது என்பேன்.

ரீபூட் முடிந்ததும் ‘யூநேம் -ஆர்’ இன்னொரு முறை அடித்துப் பாருங்கள். பூட் ஆகும்போது எந்தக் கெர்னலை ஏற்றுவது என்று பார்த்துக்கொள்ளும் கிரப்பின் செட்டிங்கில் யாராவது பழைய கெர்னலையே நிலையாக வைத்திருந்தால், மெஷின் மறுபடி 91-இலேயே எழுந்திருக்கும்.